வீட்டோடு வந்த தாய்மாமன்

பிப்ரவரி 2, திங்கள்

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். வண்டிக்குள் கக்கூஸ் இருந்தே ஆகவேண்டும் என்று சங்ககிரிப் பட்டறையில் அடம்பிடித்தவன் நான்தான். இப்போது அதில் உட்கார எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நடுவில் இருப்பது ஒரே ஒரு பிளாஸ்டிக் திரை. திரைக்கு அந்தப் பக்கம் என் பெண்டாட்டி மாராயி. கல்யாணமாகி எத்தனை வருஷம் ஆனாலும் சில சத்தங்களைப் பெண்டாட்டி கேட்கக் கூடாது. அதனால் அவளையும் நாயையும் கீழே இறக்கிவிட்டு, பாட்டைச் சத்தமாக வைத்துவிட்டு உள்ளே போனேன். தொப்பூர் தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் இது நடந்தது. நாய் கதவின் முன்னால் உட்கார்ந்து ஊளையிட ஆரம்பித்துவிட்டது. பங்கில் வேலை செய்பவர்கள் ஓடி வந்து, “உள்ள யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லீங்களா?” என்று கேட்கிறார்கள்.

“இல்லீங்க. அவரு ரோசன பண்ணீட்டிருக்காரு” என்கிறாள் மாராயி.

டைரி எழுதுவது எனக்குப் புதுசு. ஆறாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். டயர் கடைக்காரர் போன வருஷம் கொடுத்த டைரி சும்மா கிடந்தது; கிழமையை மட்டும் ஒவ்வொன்றாக அடித்துவிட்டு எழுதுகிறேன்.

என் பெயர் நாச்சிமுத்து. ஊர் திருச்செங்கோடு. தண்ணீருக்குப் போர் போடுகிற லாரியோடு ஊர் ஊராகப் போய் ஆட்களுக்குச் சமைத்துப் போட்டே வயசை ஓட்டினேன். இப்போது ஒரு பழைய பள்ளிக்கூட வேனை வாங்கி, சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு, கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி என்று வீடாக்கியிருக்கிறேன். மஞ்சள் பெயிண்டை மாற்றவில்லை. அதனால் வழியில் குழந்தைகள் கையாட்டுகின்றன. நானும் ஆட்டுகிறேன்.

போவது புனேக்கு. என் ஒரே தங்கை பாவாயி அங்கே இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவள் மகள் மதுமிதாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை மராத்திக்காரர். பெண்ணுக்கு முதல் மாலையைப் போட்டு, கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிப்போவது தாய்மாமன் வேலை. தாய்மாமன் என்று இருப்பது நான் ஒருவன்தான். மாராயி தாய்மாமன் சேலையைப் பெட்டியில் வைத்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வருகிறாள். கட்டிலில் வை என்றால் கேட்கவில்லை.

ஏன் ரயிலில் போகவில்லை என்று ஊரில் கேட்டார்கள். பாவாயி வீட்டில் நான்கு அறை. எல்லாவற்றிலும் ஏசி. போன தடவை போனபோது எனக்கு ஏசி ஆகாது என்று அவர்களே யோசித்து, கீழே கார் நிறுத்துகிற இடத்தில் டிரைவர்கள் தங்கும் அறையில் எங்களுக்குப் படுக்கை போட்டுக் கொடுத்தார்கள். நல்ல காற்றோட்டம். மாராயிக்கு மட்டும் ஏனோ பிடிக்கவில்லை. இந்தத் தடவை வீட்டையே கூட்டிப்போகிறோம். யாருக்கும் சிரமம் இல்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

சித்ரதுர்கா பக்கம் லாரிகள் நிற்கும் இடத்தில் நிறுத்தியிருக்கிறோம். கம்பஞ்சோறும் மோரும்.

நாயைப் பற்றி எழுதவில்லை. அதன் பெயர் ரிவர்ஸ். போர் லாரிக்கு அடியில் பிறந்தது. வண்டி பின்னால் நகர்ந்தால் மட்டும் குரைக்கும். ஏதாவது இடிக்கப்போகிறது என்றால் இன்னும் கத்தும். மற்றபடி திருடன் வந்தாலும் வாலை ஆட்டும். பின்னால் பார்க்கிற கண்ணாடி எனக்குத் தேவையே இல்லை.

மதியம் பாவாயி போன் செய்தாள்.

“எங்கண்ணா வந்துட்டிருக்கீங்க?”

“பாதி கர்நாடகாவ முழுங்கியாச்சு.”

“அதுக்குள்ளயா? ஒண்ணும் அவசரமில்லீங்ணா. மெதுவா வாங்க. ஞாயித்துக்கெழம காலைல நேரா மண்டபத்துக்கே வந்தாக்கூடப் போதும்.”

போனை வைத்ததும் மாராயி கேட்டாள். “மாமங்காரனக் கல்யாணத்தன்னைக்குக் காலைல வரச் சொல்றாளா?”

“வண்டியில அலுத்துக் கெடப்போம்னு பாசத்துல சொல்றா.”

“பந்திக்கு வர்றவங்களத்தான் அப்படிச் சொல்லுவாங்க.”

“சரி, பந்திக்கும் போவோம். நீ வேண்டாம்னா சொல்லப் போற?”

அவள் சிரிக்கவில்லை. மோர் புளித்துவிட்டது, அதனாலாக இருக்கலாம்.

பிப்ரவரி 4, புதன்

ஹூப்ளி. பஞ்சர். வேறு விசேஷம் இல்லை. மாராயி பேசவில்லை. அதுதான் விசேஷம்.

பிப்ரவரி 5, வியாழன்

பெல்காம் தாண்டி ஒரு கரும்புக் காட்டோரம். மாராயி துணி துவைத்து வண்டிக்கும் வேப்ப மரத்துக்கும் கயிறு கட்டிக் காயப்போட்டாள். நான் அதை மறந்து வண்டியை எடுத்துவிட்டேன். என் கைலி ரோட்டில் கொஞ்ச தூரம் எங்கள் கூடவே வந்தது. ரிவர்ஸ் குரைக்கவில்லை. முன்னால் போனால் அதற்குப் பொறுப்பு இல்லை.

இன்று பாவாயி பேச்சாகவே இருந்தது. அவள் புருஷன் குழந்தைவேலு முன்பு நான் சமைத்த அதே லாரியில் மிஷின் ஓட்டியவர். அடக்கமான ஆள். என் கொள்ளுப் பருப்பை ஒரு சொல் குறை சொல்லாமல் சாப்பிட்டார். அந்த ஒரு காரணத்துக்காகவே தங்கையைக் கொடுத்தேன். மாராயி இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள், கொள்ளுப் பருப்புக்குப் பொண்ணு குடுத்த குடும்பம் என்று. புனேயில் சொந்தமாகப் போர் வண்டி வாங்கி, ஒன்று இரண்டாகி, இப்போது எத்தனை என்று அவருக்கே தெரியாது. ஆரம்பத்தில் அவர்கள் கொட்டகையில் இருந்தபோது மதுமிதாவை எங்களிடம் விட்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் சேர்க்கிற வயது வரை மாராயியின் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டுதான் தூங்குவாள். கன்னம் உப்பி இருக்கும். நான் கொழுக்கட்டை என்று கூப்பிடுவேன். கூப்பிட்டால் கடிக்க வருவாள்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதை எழுதவேண்டிய அவசியம் இல்லை, இடம் இருந்தது, எழுதினேன்.

சாயங்காலம் பாவாயி மறுபடியும் போன். நாயை எங்காவது விட்டுவிட்டு வர முடியுமா என்று கேட்டாள். பெரிய இடமாம், புல்வெளியாம், நாயை விடமாட்டார்களாம். வண்டியையும் முன்பக்கம் கொண்டுவராமல் மண்டபத்துக்குப் பின்னால் நிறுத்தச் சொன்னாள்.

“நாங்க ரெண்டு பேரு முன்பக்கம் வரலாமா?” என்று கேட்டேன், வேடிக்கையாகத்தான்.

“போங்கண்ணா, உங்களுக்கு எப்பப் பாத்தாலும் கேலி” என்றாள். வரலாம் என்று சொல்ல மறந்துவிட்டாள்.

பிப்ரவரி 6, வெள்ளி

கோல்ஹாப்பூர். மாமன் மாலை போடும்போது கை நடுங்கக் கூடாது, போட்டோ எடுப்பார்கள். அதனால் துண்டை முறுக்கி மாலையாக்கி மாராயி கழுத்தில் போட்டுப் பழகினேன்.

“தலைகீழாப் போடறீங்க” என்றாள்.

“துண்டுக்கு ஏது தல, ஏது கீழு?”

“எனக்குப் போட்டப்பவே தலைகீழாத்தான் போட்டீங்க. அப்பவே எங்க ஐயன் எந்திரிச்சுப் போயிருக்கோணும்.”

பேச ஆரம்பித்துவிட்டாள். அப்புறம் அவளே துண்டை வாங்கி, கை எந்த உயரத்தில் வரவேண்டும் என்று காட்டினாள். பெண்ணின் தலையில் பூ இருக்கும், அதில் மாட்டாமல் கொஞ்சம் தூக்கிப் போடவேண்டும். பிறகு அவளே மதுமிதா மாதிரி தலையைக் குனிந்து நின்றாள். நான் அவள் கையைப் பிடித்துக் கட்டிலிலிருந்து அடுப்பு வரைக்கும் கூட்டிப்போனேன். வண்டிக்குள் அவ்வளவுதான் நடக்க முடியும்.

பிப்ரவரி 7, சனி

வந்து சேர்ந்துவிட்டோம். காலையிலேயே பூ மார்க்கெட்டில் வண்டியை ஓரம்கட்டி மாலைக்குச் சொன்னேன். ரோஜாவும் சம்பங்கியும், நடுவில் ஜரிகை. போர் லாரி புண்ணியத்தில் இந்தி பேசுவேன். யாருக்கு என்று கேட்டார் பூக்காரர். தங்கச்சி மகளுக்கு, நான் மாமா என்றேன். அப்படியானால் கனமாகக் கட்டவேண்டும் என்று சொல்லி, நாளைக்குக் காலையில் வரச் சொன்னார்.

மண்டபத்தில் காவல்காரர் எங்களை ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் பாவாயி வந்தாள். மெலிந்திருக்கிறாள். கட்டியிருந்த சேலை நன்றாக இருந்தது.

“வாங்கண்ணா. அண்ணி, பயணமெல்லாம் சௌரியமா இருந்துச்சுங்களா?”

“வீடே நம்முளுது பாவாயி, ஒரு கொறையுமில்ல” என்றாள் மாராயி.

பாவாயி சுற்றுமுற்றும் பார்த்தாள். “பவித்ரான்னு கூப்பிடுங்கண்ணி. இங்க யாருக்கும் அந்தப் பேரு வாயில நொழையறதில்ல.”

“எனக்கு இது நொழைய மாட்டீங்குதே.”

“ரெண்டு பேருக்கும் பொதுவாப் பாவித்ரான்னு வெச்சுக்கலாம்” என்றேன். இரண்டு பேரும் சிரிக்கவில்லை. நல்லதாகத்தான் சொன்னேன்.

பாவாயி வண்டிக்குள் ஏறிக் கட்டிலில் உட்கார்ந்தாள். அவள் மடியில் ரிவர்ஸ் தலையை வைத்தது. அதைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

“அண்ணா, ஒரு விசயம். மாப்பிள்ள வீட்டுக்காரங்க மொதமொதல்ல வந்தப்ப சுதாகரண்ணன் நம்ம வீட்டுல இருந்தாரு. இவுங்கதான் பொண்ணோட மாமாவான்னு கேட்டாங்க. இல்லீன்னு சொல்றதுக்குள்ள பேச்சு வேற பக்கம் போயிருச்சு. அப்பறம் நிச்சயத்துக்கும் அவரே நின்னுட்டாரு. இப்பப் போயி மாத்துனா, இத்தன நாளா பொய் சொன்னமான்னு கேக்க மாட்டாங்களா?”

சுதாகர் என்பவர் குழந்தைவேலுவின் பெரியப்பா மகன். மும்பையில் பேங்க் மேனேஜர். மதுமிதாவுக்குப் பெரியப்பா முறை. பெரியப்பாவாக இருந்தவர் மாமனாக ஆனதை இப்போதுதான் பார்க்கிறேன். பேங்கில் பதவி உயர்வு இப்படித்தான் கொடுப்பார்கள் போலிருக்கிறது.

“அதுக்கென்ன” என்றேன். “எனக்கு மேடையேறுனா முட்டி வலிக்கும். நானே சொல்லலாம்னு இருந்தேன்.”

மாராயி என் முட்டியைப் பார்த்தாள். இதுவரை அவள் கேள்விப்படாத முட்டிவலி.

“நீங்க மனசுல வெச்சுக்காதீங்கண்ணா.”

“மனசுல எங்க இருக்குது எடம், அதுலயும் கக்கூஸ் வெச்சாச்சு.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எழுந்தவள் திரும்பி, “சமையல்காரங்க இந்த ஊருக்காரங்கண்ணா. நம்மூரு ரசம் அவங்களுக்கு வரமாட்டீங்குது. நாளைக்கு நீங்க கொஞ்சம் எட்டிப் பாத்துட்டு இருந்தீங்கன்னா நல்லா இருக்கும்” என்றாள். பார்க்கிறேன் என்றேன்.

அவள் போனதும் மாராயி சேலைப் பெட்டியை மடியிலிருந்து எடுத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள்.

சாயங்காலம் மதுமிதா வந்தாள். பாவாடை மாதிரி ஒன்று, முழுக்கக் கண்ணாடிச் சில்லு வைத்துத் தைத்தது. ஓடி வந்து ரிவர்ஸைக் கட்டிக்கொண்டாள். பிறகு மாராயியை. பிறகு என்னைப் பார்த்து, “மாமா, இதுதான் உங்க வீடா? அய்யோ, எவ்வளவு அழகா இருக்கு” என்றாள். கன்னத்தில் இப்போது உப்பல் இல்லை. கொழுக்கட்டை என்று கூப்பிடலாமா என்று யோசித்தேன். பின்னாலேயே போட்டோ எடுக்கிற ஆட்கள் வந்ததால் விட்டுவிட்டேன்.

அந்தப் போட்டோக்காரருக்கு வண்டியைப் பார்த்ததும் கால் தரையில் நிற்கவில்லை. மஞ்சள் வண்டி, பச்சைப் புல், பக்கத்தில் நாய். இதுதான் வேண்டும் என்றார். ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் கிடந்த வண்டியை முன்பக்கப் புல்வெளிக்கு வரச் சொன்னார்கள். நான் பின்னால் எடுத்து ஏற்றினேன். ரிவர்ஸ் குரைத்தது, விருந்தாளிகள் எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். நாயை விடமாட்டார்கள் என்று சொன்ன காவல்காரரே அதற்குத் தண்ணீர் வைத்தார். யாரோ அதன் கழுத்தில் ஒரு சிவப்புத் துணியைப் பட்டாம்பூச்சி மாதிரி முடிச்சுப் போட்டுக் கட்டினார்கள்.

மாப்பிள்ளை ஒரு பக்கம், மதுமிதா ஒரு பக்கம், நடுவில் ரிவர்ஸ். அது உட்காராமல் என்னைத் தேடியது.

“மாமா, நீங்க சக்கரத்துக்குப் பின்னால குனிஞ்சு உக்காந்து கயித்த மட்டும் பிடிச்சுக்கோங்க. அப்ப அவன் அசைய மாட்டான்” என்றாள் மதுமிதா. நன்றாக யோசிக்கிற பெண். உட்கார்ந்தேன். இரண்டு தடவை அவள் என்னை மாமா என்று கூப்பிட்டாள், அதையும் எழுதிவைக்கிறேன்.

அந்த நேரம் மாப்பிள்ளையின் அப்பா வந்தார். நல்ல மனுஷர். நான் சக்கரத்துக்குப் பின்னால் குந்தியிருப்பதைப் பார்த்துச் சிரித்து, கை கொடுத்துத் தூக்கிவிட்டார். இந்தியில் கேட்டார்: இவ்வளவு தூரம் இந்த வண்டியை நீங்களா ஓட்டி வந்தீர்கள், பெண்ணுக்கு நீங்கள் என்ன வேண்டும்?

பாவாயி படிக்கட்டில் நின்றிருந்தாள். நடக்க ஆரம்பித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவள் சின்ன வயதில் கிணற்றை எட்டிப் பார்க்கும்போது இதே முகம்தான் இருக்கும். மதுமிதா எனக்குக் கை எட்டும் தூரத்தில் இருந்தாள். அவளுக்கு இந்தி என்னைவிட நன்றாக வரும். நான் அவளைப் பார்த்தேன். அவள் குனிந்து ரிவர்ஸின் கழுத்துத் துணியைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

டிரைவர் என்றேன்.

“நாய்?” என்றார் அவர்.

என்னோடதுதான் என்றேன். அதையாவது விட்டுக்கொடுக்காமல் இருப்போமே என்று.

வண்டியின் கதவு திறந்துதான் இருந்தது. மாராயி உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவளுக்கும் கொஞ்சம் இந்தி புரியும். நான் உள்ளே போனபோது களைந்த தண்ணீரை மறுபடி மறுபடி ஊற்றிக் களைந்துகொண்டிருந்தாள்.

“அவ சொல்லியிருந்தாக்கூடப் பொறுத்துக்குவேன்” என்றாள். “நீங்களே உங்க வாயாலச் சொன்னீங்களே.”

“வண்டி ஓட்டிட்டுத்தான வந்தேன். அதுல என்ன பொய்யி?”

அவள் அரிசியை அடுப்பில் ஏற்றினாள். சோறு குழைந்துவிட்டது. நான் அதைப் பற்றிக் கிண்டல் எதுவும் செய்யவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. ரசம் நன்றாக வந்தது.

காலையில் மார்க்கெட்டுக்குப் போய் மாலையை வாங்கிவந்தேன். சொல்லிவிட்டு வாங்காமல் போனால் பூக்காரருக்குச் சங்கடம். சொன்னபடி கனமாகவே கட்டியிருந்தார். “மாமா, இந்தாங்க” என்று இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். வண்டியில் கரண்டி மாட்டுகிற கொக்கியில் தொங்கவிட்டேன். வண்டியே கோயில் மாதிரி மணந்தது.

சமையல்கட்டு வாசலில் நின்றால் மேடை பாதி தெரியும். பெண்ணை அழைத்துவரச் சொன்னதும் சுதாகர் எழுந்து வந்தார். அவரும் மாலையைத் தலைகீழாகத்தான் போட்டார். அந்த வகையில் எங்களுக்குள் ஓர் ஒற்றுமை. மதுமிதாவின் தலைப்பூவில் மாலை மாட்டிக்கொண்டது. கொஞ்சம் தூக்கிப் போட்டிருக்க வேண்டும். என் கை தானாகத் தூக்கிக் காட்டியது. பக்கத்தில் நின்ற பரிமாறுகிறவர் தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்து ஓடி வந்தார். அவரிடம் ஒரு வாளி ரசத்தைக் கொடுத்து அனுப்பினேன்.

மாராயி வண்டியை விட்டு இறங்கவில்லை. தலைவலி என்று சொல்லச் சொன்னாள். யாரும் கேட்காததால் சொல்லவேண்டி வரவில்லை.

பந்தியில் மாப்பிள்ளையின் அப்பா ரசத்தை டம்ளரில் வாங்கி வாங்கிக் குடித்தார். யார் வைத்தது என்று விசாரித்திருக்கிறார். என்னைக் காட்டியதும் ஆச்சரியப்பட்டு, பாவாயியைக் கூப்பிட்டுச் சொன்னார்: உங்கள் டிரைவர் தங்கமான ஆள், விட்டுவிடாதீர்கள்.

பாவாயி இந்தியில் சொன்னாள்: “ஆமாங்க, ரொம்ப வருஷமா எங்க கூடத்தான் இருக்கிறார்.”

அவள் பிறந்ததிலிருந்து என்று பார்த்தால் அது உண்மைதான்.

மத்தியானமே கிளம்பிவிட்டோம். குழந்தைவேலு வந்து, “மச்சான், பொழுது எறங்கப் போலாமே” என்று ஒரு தடவை சொன்னார். பாவாயி இனிப்புப் பை கொண்டுவந்து கொடுத்தாள். மாராயி வாங்கிக்கொண்டு, “நல்லா இரு பவித்ரா” என்றாள். பெயர் வாயில் நுழைந்துவிட்டது. பாவாயிதான் ஏதோ வலிக்கிறாற்போல நின்றாள்.

சாத்தாராவில் டீ குடிக்கும்போது மதுமிதா போட்டோ அனுப்பினாள். நன்றாக வந்திருக்கிறது. வண்டி பளிச்சென்று இருக்கிறது. ரிவர்ஸ் நேராகப் பார்க்கிறது. கீழே சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு செருப்புக் கால் தெரிகிறது. மாராயி விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“இது யாரு காலு?” என்றாள்.

“டிரைவரோடது.”

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் டீயைக் குடித்தேன். அவளுடைய டீ ஆறிவிட்டது, அதையும் குடித்தேன்.

பிப்ரவரி 9, திங்கள்

நிப்பாணி தாண்டியாயிற்று. வெயில்.

மாலையை என்ன செய்வது என்று காலையில் பேச்சு வந்தது. வழியில் ஏதாவது கோயிலில் போட்டுவிடலாம் என்றேன். பொண்ணுக்குன்னு கட்டுனத எந்தச் சாமி கேக்குது என்றாள் மாராயி. சரி, ஊர் வரைக்கும் தொங்கட்டும் என்று விட்டோம்.

ஒரு டோல் கேட்டில் திடீரென்று பிரேக் போட்டதில் கொக்கியிலிருந்து அது கீழே விழுந்திருக்கிறது. நான் முன்னால் இருந்ததால் கவனிக்கவில்லை. மாராயி கண்ணயர்ந்திருந்தாள். சாப்பிட நிறுத்தியபோது பார்த்தால் மாலையை ரிவர்ஸ் தின்று முடித்திருந்தது. கொஞ்ச நேரத்தில் என் தலையணை மேல் வாந்தி எடுத்தது. ரோஜா வந்துவிட்டது. சம்பங்கி வந்துவிட்டது. ஜரிகையும் முக்கால்வாசி வந்துவிட்டது. மாலை கட்டிய நார் மட்டும் வரவில்லை. அது நாளைக்கு அந்தப் பக்கமாக வரும் என்கிறாள் மாராயி. தலையணையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறோம். கயிறு கட்டியிருப்பதை இந்தத் தடவை ஞாபகமாக எழுதிவைத்துக்கொள்கிறேன்.